கேக்கம்மாவின் சுண்டுவிரல்

கேக்கம்மா விழுந்தது ஓவனுக்கு முன்னால். கையில் ட்ரே இருந்தது, ட்ரேயில் முப்பத்தாறு பன் இருந்தது. அரை நிமிஷத்தில் கண்ணைத் திறந்தவள் கேட்ட முதல் கேள்வி, "பன்னு என்னாச்சு?"

கல்லாவிலிருந்து ஓடிவந்த நாத்தனார் அப்போதுதான் அழத் தொடங்கியிருந்தாள். இந்தக் கேள்வியைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டுத் திட்டத் தொடங்கினாள்.

"உசுரு இருக்கா இல்லையான்னு நான் பதறிட்டிருக்கேன். பன்னாம் பன்னு! எந்திரிக்காதீங்க அண்ணி, அப்படியே படுங்க."

கேக்கம்மா எழுந்து உட்கார்ந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற வழக்கம் அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. ஐம்பத்தொரு வயது. இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கடை. முன்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் கல்லா, கல்லாவுக்குப் பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் கிரீம் பூசும் நீள மேஜை, அதற்கும் பின்னால் ஓவன். இந்த முப்பதடிக்குள் அவள் சொல்வதுதான் சட்டம். அன்றைக்கு அந்தச் சட்டத்தை மீறியது அவளுடைய சொந்த நெஞ்சு.

அது முதல் தடவையும் அல்ல. இரண்டு மாதமாகவே நெஞ்சு திடீரென்று தடதடவென்று ஓடும், பிறகு ஒரு நொடி நின்று யோசிக்கும், பிறகு மறுபடி ஓடும். "மாவு பிசையிற களைப்பு" என்று தனக்குத்தானே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் அன்றே அண்ணனுக்குப் போன் போட்டுப் போட்டுக்கொடுத்துவிட்டாள்.

அண்ணன் என்றால் கேக்கம்மாவின் கணவர், மின்சார மீட்டர் பார்க்கிறவர். ஊரில் முக்கால்வாசி வீடுகளின் வாசல் மூலை அவருக்கு அத்துப்படி, வீட்டுக்காரர்களின் முகம்தான் தெரியாது. தெருவில் அவரை மீட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். வேலையில் அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. கண்ணால் பார்க்காத எண்ணை அவர் எழுதியதில்லை. வீடு பூட்டியிருந்தால் மற்றவர்கள் போன மாதத்து எண்ணோடு கொஞ்சம் கூட்டி, குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவர் 'கதவு பூட்டியிருந்தது' என்று எழுதிவிட்டு மறுநாள் மறுபடி போய் நிற்பார். குத்துமதிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் கசாயம் குடித்தவர் முகம் மாதிரி ஆகிவிடும்.

இதய டாக்டர் ஒரு பெண்மணி. கேக்கம்மாவின் நெஞ்சில் ஒரு நாள் முழுக்க ஒயர்களை ஒட்டி அனுப்பி, மறுநாள் வந்த நீளமான தாளை விரித்துப் பார்த்தார்.

"இதயத்துக்குள்ள கரண்ட் ஓடுற பாதையில எங்கேயோ தடை இருக்கு" என்றார்.

கரண்ட் என்றதும் மீட்டர்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "லூஸ் கனெக்‌ஷனா டாக்டர்?"

"கிட்டத்தட்ட. ஆனா ஏன் லூஸாச்சுன்னு தெரியணும். இதயத் தசையில வீக்கம் இருக்கலாம். சார்காய்டோசிஸ்னு ஒண்ணு இருக்கு, அதா இருக்கலாம்னு சந்தேகம். வீக்கம்னா மாத்திரையில குறைச்சுடலாம். வீக்கமெல்லாம் முடிஞ்சு வெறும் தழும்பா நின்னுருந்தா மாத்திரை வேலை செய்யாது. நெஞ்சுல கருவி வைக்கணும். அதுக்கப்புறம் அவ்வளவு பெரிய ஓவன் முன்னாடி தனியா நிக்கிறதெல்லாம் மறந்துடணும்."

கேக்கம்மாவுக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. மறந்துடணும் என்பது மட்டும் விழுந்தது.

"அப்ப மாத்திரையே குடுத்துடுங்களேன் டாக்டர். வேலை செஞ்சா செய்யட்டும்."

"அது சும்மா மாத்திரை இல்லம்மா. எலும்பு, சர்க்கரை, தூக்கம் எல்லாத்தையும் ஒரு கை பாக்கும். தெரியாம குடுக்க மாட்டேன். பெட் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

கூடவே வந்திருந்த நாத்தனார் இங்கேதான் மூக்கை உறிஞ்சினாள். "அது கேன்சர் ஸ்கேன் ஆச்சே..."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க" என்றார் டாக்டர், இதை நூறு பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில். "முன்னாடி பெரும்பாலும் அதுக்குத்தான். இப்ப அந்த மெஷினுக்கு வேலை கூடிப்போச்சு. மாசக்கணக்கா விடாத காய்ச்சல், எங்கேயிருந்து வருதுன்னு யாருக்கும் புரியலைன்னா அதுல தேடுறோம். மறதி வந்தவங்களுக்கு மூளையைப் பாக்குறோம். இதயத்தையும் பாக்குறோம். ஊசியில கொஞ்சம் சர்க்கரை போகும், அதுல துளி கதிர்வீச்சு ஒட்டியிருக்கும். உடம்புல எந்த இடம் சர்க்கரையை அள்ளி முழுங்குதோ அந்த இடம் படத்துல வெளிச்சமா தெரியும். அவ்வளவுதான்."

"அப்ப இதயம்?" என்றார் மீட்டர்காரர்.

"அங்கேதான் சிக்கல். நல்ல இதயமும் சர்க்கரையைக் கண்டா விடாது. அதனால ஸ்கேனுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க அதுக்குச் சர்க்கரையே காட்டக் கூடாது. மாவு, சோறு, பழம், பால், எதுவும் கூடாது. முட்டை, மீன், கறி, வெண்ணெய் மட்டும். சாயங்காலத்துக்கு மேல வெறும் தண்ணி. அப்படிப் பண்ணினா நல்ல தசை வேற வழியில்லாம கொழுப்புக்கு மாறிடும். வீங்கின இடம் மட்டும் சர்க்கரைதான் வேணும்னு அடம் பிடிக்கும். ஊசி போட்டதும் அது மட்டும் மின்னும்."

இருபத்தெட்டு வருஷமாகச் சர்க்கரையும் மாவும் விற்று வாழ்கிறவளிடம் ஒரு நாள் அவை இரண்டையும் தொடாதே என்றால் எப்படி இருக்கும்? கேக்கம்மா சிரித்தாள். "ஒரு நாள்தானே. எனக்கு இனிப்பே பிடிக்காது டாக்டர். வாசனையே போதும் போதும்னு ஆயிடும்."

அவள் பொய் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாப்பிட்டதையெல்லாம் மணி போட்டு எழுதிவரச் சொல்லி ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். மீட்டர்காரருக்கு அந்தத் தாளின் கட்டங்கள் போதவில்லை. அட்டை போட்ட புது நோட்டு ஒன்று வாங்கி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டார். ஒரு நாள் லீவும் போட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கத் தொடங்கினார்.

'காலை 7.10 – முட்டை 3, வெண்ணெயில் பொரித்தது. 7.25 – கறுப்புக் காபி அரை டம்ளர், சர்க்கரை இல்லை. முகம் சுளித்தாள். 12.40 – மீன் 2 துண்டு. போதும் என்றாள். இன்னொரு துண்டு வைத்தேன். முறைத்தாள்.'

"மொறைச்சதெல்லாம் எதுக்கு எழுதுறீங்க?"

"நடந்துச்சுல்ல?"

மாலை நாலரைக்குக் கடையிலிருந்து போன் வந்தது. மறுநாள் காலை எடுத்துப்போக வேண்டிய மூன்றடுக்கு கேக் ஒன்று, மேலே இருநூறு கிரீம் ரோஜா. ஓவன் வேலையைப் பக்கத்துத் தெரு பேக்கரிக்காரர் பார்த்துக்கொண்டார், ரோஜாவுக்கு மட்டும் கேக்கம்மாவின் கை வேண்டும். "ஓவன் பக்கம் போகமாட்டேன், உக்காந்துக்கிட்டே பண்ணுவேன்" என்று போனாள். ஏழரைக்குத் திரும்பினாள்.

"ஏதாவது சாப்பிட்டியா?"

"சத்தியமா ஒண்ணும் இல்லைங்க. வாயில பச்சைத் தண்ணி படல."

'4.45 – 7.30 – கடை. எதுவும் சாப்பிடவில்லை' என்று எழுதினார் மீட்டர்காரர்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கடை. "ரெண்டு நிமிஷம், ரோஜா நிக்குதா சரிஞ்சுடுச்சான்னு பாத்துட்டு வந்துடுறேன்." இரண்டு நிமிஷம் என்பது இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அவர் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். 'காலை 6.40 – 7.05 – கடை. எதுவும் சாப்பிடவில்லை.'

ஸ்கேன் செய்யும் இடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஊசி போட்ட பெண் சாந்தமாகப் பேசினாள், ஆனால் ஊசியை ஈயப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தாள். அதைப் பார்த்ததும் கேக்கம்மா நீட்டிய கையை ஒரு தடவை பின்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு ஒரு தனி அறை, சாய்வு நாற்காலி, கழுத்து வரை போர்வை. ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல், பேசாமல், போன் பார்க்காமல் கிடக்க வேண்டும். அதன் பிறகு மெஷின். அதன் நடுவில் ஒரு பெரிய வட்டத் துளை, அவளுக்கு அதைப் பார்த்ததும் கடை ஞாபகம்தான் வந்தது. ட்ரேயை உள்ளே தள்ளுகிற மாதிரி அவளை உள்ளே தள்ளி வெளியே எடுத்தார்கள்.

ஸ்கேன் டாக்டர் இளவயதுக்காரர். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"அம்மா, நேத்து ஏதாவது இனிப்பு சாப்பிட்டீங்களா?"

"இல்லையே."

"ஒரு மிட்டாய்? இருமல் மருந்து? பரவாயில்லை, சொல்லுங்க."

"இல்லைங்கிறேன்."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். இருட்டான உடம்புக்கு நடுவில் இதயம் மொத்தமும் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது, ஓவன் கதவைத் திறந்து வைத்த மாதிரி. "முழுசும் சர்க்கரை தின்னுருக்கு. இதுல வீக்கம் எது, நல்லது எதுன்னு பிரிச்சே பாக்க முடியாது. ஸ்கேன் வீண். சில பேருக்கு எவ்வளவு கட்டுப்பாடா இருந்தாலும் இப்படி ஆகும். ஆனா பெரும்பாலும்... சாப்பாட்டுல ஏதோ ஒண்ணு போயிருக்கும்."

மீட்டர்காரர் நோட்டை மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, அறைந்தார். "பாருங்க. மணி, நிமிஷம், எல்லாம் இருக்கு."

டாக்டர் பொறுமையாகப் புரட்டினார். "கடையில இருந்த நேரமும் எழுதியிருக்கீங்க. நீங்க கண்ணால பாத்ததா?"

"என் பொண்டாட்டி சொன்னா நான் பாத்த மாதிரிதான்."

கேக்கம்மாவுக்கு அந்த நிமிஷம் நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் சபையில் சொன்னதில்லை. அந்த நிறைவோடு சேர்ந்து கோபமும் பொங்கியது. எழுந்து நின்று, "வாங்க போகலாம். பொய்க்காரின்னு சொன்ன இடத்துல எனக்கு வேலை இல்ல" என்று வெளியே நடந்தாள்.

"நான் அப்படிச் சொல்லலைம்மா..." என்று டாக்டர் பின்னாலேயே வந்தார். யார் கேட்டது?

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் ஸ்கேன் என்ற பேச்சை எடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. இதய டாக்டர் இரண்டு தடவை போன் செய்தார். "அந்தப் பையன் மன்னிப்புக் கேக்கட்டும், வர்றேன்" என்றாள் கேக்கம்மா. மன்னிப்புக் கேட்க அவர் ஒன்றும் செய்யவில்லை என்பது அவளுக்கே தெரியும். தெரிந்தால் என்ன, வீம்பு வேறு கணக்கு.

ஒரு மத்தியானம் வீட்டு மாடிப்படியில் துணி எடுக்கப் போனவளுக்கு நெஞ்சு மறுபடி நின்று யோசித்தது. இந்தத் தடவை யோசனை நீண்டது. கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். யாரும் பார்க்கவில்லை. நெஞ்சு திரும்ப ஓடத் தொடங்கும்வரை கொடியில் ஆடிய மீட்டர்காரரின் காக்கிச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தாள், நன்றாகவே பயந்தாள். செத்துப்போவதைப் பற்றி யோசித்தாள், ஓவனைப் பற்றி யோசித்தாள், இந்த மனுஷன் தனியாக எந்த வீட்டுக்கு மீட்டர் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார் என்றும் யோசித்தாள். ஆனால் கீழே இறங்கி வந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவ்வளவு வீம்பு.

இந்த வீம்பை உடைத்தது செர்ரிப் பழம்.

கடையில் கேக்குக்கு மேல் வைக்கும் செர்ரி, ஜாடி ஜாடியாக வரும். ஒரு வருஷமாகவே ஜாடி சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாகிக்கொண்டிருந்தது. யாரோ எடுத்துத் தின்கிறார்கள் என்று நாத்தனாருக்குச் சந்தேகம். துப்பறிவதில் அவளுக்கு ஆசை அதிகம். கிரீம் மேஜைக்கு மேலே கேமரா ஒன்றை மாட்டவைத்தாள். மாட்டியதோடு சரி, அதில் பதிந்ததை எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் கேமரா பழுது பார்க்க வந்த ஆள் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். நாத்தனார் கல்லாவில் உட்கார்ந்து, பழையதையெல்லாம் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கத் தொடங்கினாள். அரை மணி நேரத்தில் அவள் முகத்தில் ஈயாடவில்லை. கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணி, திருடனைப் பிடிச்சுட்டேன்."

"யாரு?"

"நீங்கதான்."

சாப்பாட்டு மேஜையில் போனைச் சாய்த்து வைத்து மூன்று பேரும் பார்த்தார்கள். ஸ்கேனுக்கு முதல் நாள் மாலை. மேலிருந்து எடுத்த படம், சத்தம் கிடையாது. கேக்கம்மா கிரீம் கிண்ணத்தைக் கலக்குகிறாள். வலது கைச் சுண்டுவிரல் மட்டும், மற்ற நாலு விரலுக்கும் சொல்லாமல், கிண்ணத்தின் ஓரத்தைத் தொட்டு வாய்க்குப் போய் வருகிறது. நாலு ரோஜா போடுகிறாள். மறுபடி விரல் போய் வருகிறது. புதுக் கிண்ணம், புது நிறம், மறுபடி விரல். நடுவில் ஒரு செர்ரி.

"இது நான் இல்ல" என்றாள் கேக்கம்மா. படத்தில் இருந்ததோ அவள் புடவை, அவள் கையில் இப்போதும் கிடக்கும் அதே வளையல்.

"இந்த இடத்தைப் பாருங்க அண்ணி. நான் திரை பக்கத்துல நிக்கிறேன்ல? இப்ப நீங்க என்கிட்ட பேசுறீங்க. என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? 'நாக்குல சர்க்கரை பட்டு ஒரு நாளாச்சுடி, எனக்கு ஒண்ணும் கஷ்டமாவே இல்ல'ன்னீங்க. சொல்லும்போதே பாருங்க... ம், போயிடுச்சு விரல் வாய்க்குள்ள. நானும் பாத்துக்கிட்டேதான் நின்னுருக்கேன். எனக்கும் தெரியலையே!"

தெரியாதுதான். இருபத்தெட்டு வருஷம் தினமும் பார்ப்பது யார் கண்ணில் படும்? கிரீம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அந்த வேலையை எப்போதோ விரலிடம் ஒப்படைத்துவிட்டு அவள் மறந்துபோயிருந்தாள். விரல் மறக்கவில்லை.

மீட்டர்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். மாலையில் முப்பத்தொன்று, மறுநாள் காலையில் ஒன்பது. "நாப்பது" என்றார்.

கேக்கம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகை ஜெயித்தது. "சத்தியம் பண்ணினேனே உங்ககிட்ட. என்னை நம்பித்தானே அந்த டாக்டர்கிட்ட சண்டைக்குப் போனீங்க. என்னால உங்களுக்கும் தலைகுனிவு."

"உன்னால இல்ல."

அவர் எழுந்துபோய் நோட்டை எடுத்து வந்தார். அந்த இரண்டு வரியையும் கண்டுபிடித்தார். அளவுகோல் வைத்து இரண்டின்மேலும் கோடு போட்டார். பக்கத்தில் சிறிய எழுத்தில், 'குத்துமதிப்பு. தவறு என்னுடையது' என்று எழுதினார்.

"பூட்டின வீடு" என்றார். "வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள என்ன ஓடுதுன்னு எழுதிட்டேன். என் சர்வீஸ்ல பண்ணாத காரியம். அதுவும் உன் விஷயத்துல."

அதைக் கேட்ட பிறகு கேக்கம்மாவால் மாடிப்படி விஷயத்தை மறைத்து வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் திட்டவில்லை. அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஸ்கேன் செய்யும் இடத்தைக் கூப்பிட்டார்.

இரண்டாம் தடவை கேக்கம்மா கடை இருந்த திசைப் பக்கமே திரும்பவில்லை. அது போதாதென்று மீட்டர்காரர் காலையிலேயே அவள் சுண்டுவிரலுக்குப் பஞ்சு வைத்து, துணி சுற்றி, ஒயருக்கு ஒட்டுகிற கறுப்பு டேப்பால் இறுக்கிவிட்டார். விரல் உருண்டு திரண்டு கட்டைவிரலைவிடப் பெரிதாகிவிட்டது. "ஷாக் அடிக்காது" என்றார், அபூர்வமாக ஒரு ஜோக். நாத்தனார் கடையில் இருந்தபடியே மணிக்கொரு தடவை போன் செய்து விரலின் நலம் விசாரித்தாள்.

அன்றைக்கு முழுவதும் அவர் அவளை விட்டு நகரவில்லை. வீட்டில் கிரீம் எங்கே இருக்கிறது? இருந்தும் அந்த விரல் சும்மா இருக்கவில்லை. முட்டையைக் கலக்கினாள், விரல் எழுந்து வந்து உதட்டில் டேப் முட்டியது. பாத்திரம் கழுவினாள், மறுபடி முட்டியது. அவள் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டாள்.

"அடப் பாவி, இது என் கையே இல்லைங்க. வாடகைக்கு இருக்கு."

'விரல் வாய்க்குப் போனது – 7 தடவை. கட்டு தடுத்தது. பார்த்தேன்' என்றது நோட்டு.

மறுநாள் காலை நேரே ஆஸ்பத்திரி. அதே ஈயப் பெட்டி, அதே ஊசி, அதே சாய்வு நாற்காலி. ஊசி போட்ட பெண், "ஐயா வெளிய இருங்க, இனிமே ஒரு மணி நேரம் யாரும் உள்ள வரக் கூடாது" என்று கனமான கதவைச் சாத்தினாள். கேக்கம்மா ஆடாமல் கிடந்தாள். போர்வைக்குள் கறுப்பு டேப் விரல் மட்டும் உறுத்தியது. வீக்கமாக இருக்கட்டும், தழும்பாக இருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். வீங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஆளைக் கடவுளும் புதிதாகத்தான் பார்த்திருப்பார்.

அதே இளவயது டாக்டர். இந்தத் தடவை அவர் வாயைத் திறப்பதற்குள் கேக்கம்மா முந்திக்கொண்டாள். "டாக்டர், அன்னிக்கு நான் பொய் சொல்லல. ஆனா சாப்பிட்டேன்."

விரல் கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு திரையைத் திருப்பினார். நெஞ்சு இருட்டாக இருந்தது. அந்த இருட்டில், இரண்டே இரண்டு இடம் மட்டும் சிவப்பாக மின்னியது. ஒன்று சின்னது, ஒன்று பிறை போல வளைந்தது.

கேக்கம்மா குனிந்து பார்த்தாள். "பிஸ்கட்டுல ஓரம் மட்டும் கருகுன மாதிரி இருக்கு."

"கருகலைம்மா. கருகியிருந்தா இப்படி மின்னாது. இது இப்ப நடந்துக்கிட்டிருக்கிற வீக்கம். மாத்திரைக்கு அடங்கும்னு நினைக்கிறேன்."

அவள் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வை என்றார். அந்த அறையில் ஏசி குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்.

மாத்திரை டாக்டர் சொன்னபடியே எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தது. முகம் உப்பியது, தூக்கம் போனது, ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. ருசி பார்க்கும் பொறுப்பு நாத்தனாருக்கு மாறியது. அவள் அதை மிகுந்த தியாக உணர்வோடு ஏற்று மூன்று கிலோ கூடினாள். கேக்கம்மா ஓவன் பக்கம் போகாமல், நாற்காலியில் உட்கார்ந்து, டேப் சுற்றிய விரலோடு ரோஜா போட்டாள். மாடிப்படியில் நெஞ்சு நின்று யோசிப்பது குறைந்தது. பிறகு நின்றே போனது. ஆனால் நின்றது மாத்திரையின் தயவா, வீக்கம் உண்மையிலேயே வடிந்துவிட்டதா என்று பார்க்க ஐந்தாம் மாதம் இன்னொரு ஸ்கேன் வேண்டும், அதற்குப் பிறகுதான் ஓவன் என்று சொல்லிவிட்டார் இதய டாக்டர்.

மறுபடி ஒரு நாள் முட்டையும் மீனும். காலையில் மீட்டர்காரர் குளித்துக்கொண்டிருந்தபோது, போன தடவை எத்தனை முட்டை என்று பார்க்கக் கேக்கம்மா நோட்டைத் திறந்தாள். மணி, நிமிஷம், மீன், முறைப்பு, விரல் ஏழு தடவை. பக்கத்தைத் திருப்பினாள். ஸ்கேன் நாள் காலை. அதில் ஒரு வரி இருந்தது.

'9.10 – 10.10 – கதவு பூட்டியிருந்தது. பார்க்கவில்லை. பயமாக இருந்தது.'

அவள் அதை மூன்று தடவை படித்தாள். நோட்டு முழுக்க அவள் சாப்பிட்டது, அவள் சுளித்தது, அவள் முறைத்தது. தன் மனசைப் பற்றி அவர் எழுதியது அந்த இரண்டு வார்த்தைதான். வாயைத் திறந்து ஒரு நாளும் சொல்லமாட்டார். ஆனால் நடந்ததை எழுதாமல் விடவும் அவருக்குத் தெரியாது. குளியலறையில் தண்ணீர் நின்றது. நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு முட்டை உடைக்கப் போனாள். எத்தனை என்று பார்க்க மறந்துவிட்டதால் நாலு உடைத்தாள்.

அடுத்த நாள் அதே கதவைச் சாத்தினார்கள், அதே ஒரு மணி நேரம் போனது. இளவயது டாக்டர் திரையைத் திருப்பினார். கேக்கம்மா சிவப்பைத் தேடினாள். எங்கும் இல்லை. இதயம் இருக்கும் இடம் ஓவன் அணைத்த கடை மாதிரி அமைதியாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லையே டாக்டர்?"

"அதுதாம்மா நல்ல செய்தி. மாத்திரையைப் படிப்படியா குறைக்கச் சொல்லி எழுதுறேன். ஓவனைப் பத்தி உங்க டாக்டர்தான் முடிவு சொல்லணும். நான் தடுக்க ஒரு காரணமும் இதுல இல்ல."

இதய டாக்டரிடம் அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டாள். பக்கத்தில் ஆள் இருந்தால் அடுத்த வாரத்திலிருந்து நிற்கலாம் என்றார். கேக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மீட்டர்காரர் வராந்தா பெஞ்சில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். '9.15 – 10.15 – கதவு பூட்டியிருந்தது. பார்க்கவில்லை.' அதற்குமேல் பேனா ஒரு நொடி தயங்கி நின்றது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினாள். அந்த வரிக்குக் கீழே, தன் கோணல் எழுத்தில் எழுதினாள். 'உள்ளே ஆள் இருந்தாள். நன்றாக இருந்தாள்.'

அவர் எட்டிப் பார்த்துப் பதறினார். "ஏய், பாக்காததை எல்லாம் இதுல எழுதக் கூடாது."

"நான் பாத்தேன்ல" என்றாள் கேக்கம்மா. "எந்திரிங்க, போகலாம்."